ஆன்சைட்: தெற்கு சூடான்

கை நிறையச் சம்பளம் வாங்கும் வேலையை விட்டுவிட்டு, தெரியாத தேசத்தில் வருஷக்கணக்கில் சேவை செய்யப் போகலாமா? பெங்களூர் வாசகர்கள் கேள்விகளைக் கொட்டியிருக்கிறார்கள். போகத் துடிப்பவர்களும் இருக்கிறார்கள், சட்டையைப் பிடித்து இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்: பன்னிரண்டு வருஷமாக ஐ.டி. வேலை. எல்லாவற்றையும் உதறிவிட்டு ஆப்பிரிக்கா போய்ச் சேவை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். எந்த நாடு என்பதிலிருந்து.

கோரமங்களா வாசகி: நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சப்ளை செயின் மேனேஜர். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பை, சுருக்கமாக எம்.எஸ்.எஃப்.பை, 1971-இல் பாரிஸில் தொடங்கியதே மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்துதான். பெயரில் மருத்துவர் இருந்தாலும் ஆளெடுப்பில் கணக்காளர், எலெக்ட்ரீஷியன், தண்ணீர் இன்ஜினியர், கிடங்கு மேனேஜர் எல்லோரும் உண்டு.

தடுப்பூசி மருந்து பெரும்பாலும் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவிலேயே பயணம் செய்ய வேண்டும், ஐரோப்பியக் கிடங்கிலிருந்து சாடு நாட்டுக் குக்கிராமம் வரை. வழியில் ஒரு ஜெனரேட்டர் படுத்துவிட்டால் டாக்டரின் சிரிஞ்சில் இருப்பது வெறும் தண்ணீர்.

அல்சூரிலிருந்து ஓர் அம்மா: பையன் நல்ல வேலையை விட்டுவிட்டு தெற்கு சூடான் போகிறானாம். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வேன்?

அமெரிக்கா போய்ப் பத்து வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள், அம்மா. இவனைத் தெற்கு சூடான் ஒன்பது மாசத்தில் லீவுக்கு அனுப்பிவிடும்.

ஓசூர் ரோடு டாக்டர் ஒருவர்: எனக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம் லீவு. அதில் போய்ச் சேவை செய்து வரலாமே?

எம்.எஸ்.எஃப்.பில் பொது மருத்துவரிடம் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை கேட்கிறார்கள். அறுவை நிபுணருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் மட்டும் சில வாரப் பணிகள் உண்டு, அவர்கள் கத்தி பேசும், ஊசி பேசும். நீங்கள் நோயாளியோடு பேச வேண்டியவர். இரண்டு வாரத்தில் வணக்கம் சொல்லப் பழகுவதற்குள் விமானம் வந்துவிடும்.

இந்திராநகர் வாசகர்: வேலைப்பளு தாங்கவில்லை, மனசு வெறுத்துவிட்டது. அகதி முகாமில் கொஞ்ச காலம் இருந்தால் நிம்மதி கிடைக்குமா?

நிம்மதியைத் தொலைத்தவர்கள் ஏற்கெனவே அங்கே பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்களும் போய் வரிசையில் நிற்காதீர்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. ஜுரத்துக்கு டாக்டரைப் பார்க்கிற மாதிரி, கூச்சப்படாமல் போய்ப் பாருங்கள். மனசு தேறிய பிறகும் அதே ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள். அது உண்மையான ஆசை.

ஃப்ரேசர் டவுன் வாசகர்: இந்தியர் யாராவது இப்படிப் போயிருக்கிறார்களா, இல்லை இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கா?

1938. ஜப்பான் படையெடுப்பில் சீனா ரத்தம் சிந்தியபோது இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. நால்வர் இந்தியா திரும்பினார்கள். சோலாப்பூரில் பிறந்து பம்பாயில் படித்த துவாரகாநாத் கோட்னிஸ் திரும்பவில்லை. மேல்படிப்புக் கனவை விட்டுப் போனவர் சீன மொழி கற்றார், போர்முனையில் ஓய்வில்லாமல் அறுவை சிகிச்சை செய்தார், ஒரு மருத்துவமனைக்கே தலைவரானார். 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், அங்கேயே இறந்தார்.

1946-இல் இயக்குநர் சாந்தாராம் அவர் கதையைப் படமாக்கினார். சீனாவின் ஷிஜியாசுவாங் நகரில் அவர் சிலை நிற்கிறது. 1962-இல் இரு நாடும் சுட்டுக்கொண்டன. அதெல்லாம் ஆன பிறகும், 2006-இல் சீன அதிபர் ஹூ ஜிந்தாவ் மும்பை வந்தபோது கோட்னிஸின் குடும்பத்தாரைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நாலு வருஷ வைத்தியத்துக்கு அத்தனை வருஷ மரியாதை.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு நர்ஸ்: போனால் கல்யாணம் நடக்காது என்று பயமுறுத்துகிறார்கள்.

மேலே சொன்ன கோட்னிஸுக்குக் கல்யாணமே சீனப் போர்முனையில்தான் நடந்தது, 1941-இல். மணமகள் குவோ சிங்லான் நர்சிங் கற்றுக்கொடுத்தவர். குண்டுமழையிலும் ஜாதகம் கேட்காமல் பொருந்தியது.

மாரத்தஹள்ளி வாசகர்: அது சுதந்திரத்துக்கு முந்தைய கதை. நம் காலத்து ஆள் ஒருவரைச் சொல்லுங்கள்.

உண்ணி கருணாகரா. கேரளத்துக்காரர், மங்களூரில் மருத்துவம் படித்தவர். 1995-இல் எத்தியோப்பியாவில் காசநோய்த் திட்டத்தோடு எம்.எஸ்.எஃப்.பில் நுழைந்தார். 2010 முதல் 2013 வரை அந்த அமைப்புக்கே உலகத் தலைவர். பதவி முடிந்ததும் ஸ்ரீநகரிலிருந்து திருவனந்தபுரம் வரை சைக்கிளில் வந்தார், 5,000 கிலோமீட்டருக்கு மேல்.

அவுட்டர் ரிங் ரோட்டில் அரை கிலோமீட்டருக்கு கேப் போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: நான் கார்ப்பரேட் ஃபைனான்ஸ். சேவைக்கும் எக்செல் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஃபஸ்லே ஹசன் அபேத் என்று ஒருவர். லண்டனில் கணக்கியல் படித்து, சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் நிதிப் பிரிவுத் தலைவராக இருந்தார். 1970 நவம்பரில் வந்த புயல் சுமார் மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. அடுத்த வருஷமே வங்காளதேச விடுதலைப் போர். வேலையை விட்டார். லண்டன் ஃப்ளாட்டை விற்றார். 1972-இல் ‘பிராக்’ அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், தாய்மார்களுக்கு உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்து வயிற்றுப்போக்கை எதிர்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது அவருடைய படை. பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் உகாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும் போனது. வங்காளதேசம் உலகத்துக்கு உதவி ஏற்றுமதி செய்தது!

வெல்லத்துக்கும் எக்செல்லுக்கும் சம்பந்தம் இதுதான்: ஒரு சிட்டிகை உப்பு சேவை, ஒரு கோடி வீட்டுக்கு அதைத் தப்பில்லாமல் கொண்டுபோவது ஃபைனான்ஸ்.

அதே வாசகர்: ஃப்ளாட்டை விற்கத்தான் வேண்டுமா?

இ.எம்.ஐ. பாக்கி இருந்தால் யோசியுங்கள். டிக்கெட், தங்குமிடம், காப்பீடு எல்லாம் அமைப்பு பார்த்துக்கொள்ளும். மாதாமாதம் ஒரு படியும் தரும். உங்கள் பாங்க் மேனேஜரை அது பார்த்துக்கொள்ளாது.

வில்சன் கார்டன் வாசகர்: கடன் இருந்தால் என்ன சார், நல்ல காரியத்துக்குக் கடவுள் துணை நிற்க மாட்டாரா?

நின்றார், தாமதமாக. ஹென்றி துனான் ஜெனீவா வியாபாரி. 1859-இல் அல்ஜீரியாவிலுள்ள தன் மில் விவகாரத்துக்காக மூன்றாம் நெப்போலியனைப் பார்க்கப் போனவர், சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டார். வியாபாரம் மறந்தது. 1863-இல் செஞ்சிலுவை பிறந்தது. 1867-இல் மனிதர் திவால். அவர் உருவாக்கிய குழுவே அவரை ஒதுக்கியது. முதல் நோபல் அமைதிப் பரிசு அவர் கதவைத் தட்டியது 1901-இல்.

முப்பத்து நாலு வருஷம் காத்திருக்க உங்கள் பாங்க் சம்மதித்தால் தாராளமாகப் போங்கள்.

பி.டி.எம். லேஅவுட் வாசகி: கணவர் போகத் துடிக்கிறார். குழந்தை இரண்டாம் வகுப்பு. முதல் பணிக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாதாம். நான் தடுத்தால் சுயநலமா?

இல்லவே இல்லை. போகிறவருக்கு மாலை, இருப்பவருக்கு மளிகை லிஸ்ட் என்பது எந்த ஊர் நியாயம்? அவர் போகும் மாதங்களில் ஸ்கூல் வேன், ஜுரம், பெற்றோர் கூட்டம், மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு பேப்பரில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். எழுதி முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிடும், சேவைக்குப் போவது இரண்டு பேர் என்று. சம்மதித்தால் இருவரும் சேர்ந்து சம்மதியுங்கள். அடுத்த முறை யார் போவது என்பதையும் அதே பேப்பரில் எழுதிவிடுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: நம் ஊரில் ஏழையே இல்லையா? ஏன் வெளிநாட்டுக்கு ஓட வேண்டும்?

நல்ல கேள்வி. பெங்களூரில் மருத்துவம் படித்த டாக்டர் சுதர்சன் பிளிகிரிரங்கன் மலையில் சோளிகர் பழங்குடியினரோடு வாழப் போனார். 1981-இல் அங்கே அமைப்பு தொடங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று வளர்த்தார். தர்மபுரி சித்தேரி மலையடிவாரத்தில் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் லலிதாவும் 1993-இல் குடிசை போட்டு ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். கட்டில்கூடக் கிடையாது. இரண்டு இடமும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன.

எப்போது கிளம்புகிறீர்கள்? போகிறவனைத் தடுக்க மட்டும் உள்ளூர் ஏழையை நினைத்துக்கொள்வது அந்த ஏழைக்கு அவமரியாதை.

ஜெயநகர் வாசகர்: வேலையை விடாமல் வெளிநாட்டுக்கு உதவ வழி உண்டா? நான் மென்பொருள்காரன்.

நிறைய. 2004 சுனாமி வந்ததும் இலங்கை மென்பொருள்காரர்கள் தன்னார்வமாக உட்கார்ந்து எழுதியது ‘சஹானா’. காணாமல் போனவர், முகாம், நிவாரணம் மூன்றுக்கும் கணக்கு வைக்கும் இலவச மென்பொருள். பல நாட்டுப் பேரிடர்களில் பிறகு கைகொடுத்தது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊரின் ஆஸ்பத்திரிக்காக தாட்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனிக்காரர்கள் எழுதத் தொடங்கிய ‘பஹ்மனி’ இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் குறிப்பேடு. இரண்டுமே திறந்த மூலம். யாரும் கை வைக்கலாம்.

அதற்கும் நேரமில்லையா? 2014-இல் தொடங்கிய ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ திட்டத்தில் செயற்கைக்கோள் படம் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் வரைந்து கொடுக்கலாம். வரைபடத்திலேயே இல்லாத கிராமத்துக்குத் தடுப்பூசி வண்டி எப்படிப் போகும்? ஆபீஸ் கேப் சில்க் போர்டு தாண்டுவதற்குள் ஒரு தெருவை முடித்துவிடலாம். மழை பெய்தால் ஒரு ஊரையே முடிக்கலாம்.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் கல்லூரி மாணவி: பணம் கட்டினால் நேபாளத்தில் அனாதை இல்லத்தில் மூன்று வாரம் சேவை செய்யலாம் என்று ஓர் ஏஜென்சி விளம்பரம். சேரலாமா?

வேண்டாம், கண்ணு. நேபாள இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் எச்சரித்திருக்கிறது. பார்க்க வரும் கும்பலுக்காகவே குழந்தைகளைப் பிடித்து வைப்பதும் நடந்திருக்கிறது. மூன்று வாரம் கொஞ்சிவிட்டு நீ விமானம் ஏறுவாய். அந்தக் குழந்தை அடுத்த அக்காவுக்காக வாசலில் நிற்கும். வருஷத்துக்கு எத்தனை தடவை ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் போவது?

மர்பி டவுன் வாசகர்: தமிழர் யாராவது?

சிவகங்கை மாவட்டத்துக்காரர், இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார். தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கை அகதிகளோடு வேலை செய்த கையோடு ஆப்கானிஸ்தான் போனார். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் மாகாணத்தில், ஊர் திரும்பிய அகதிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் கடத்தப்பட்டார். 2015 பிப்ரவரி 22-இல்தான் விடுதலை. எட்டு மாதத்துக்கு மேல் கைதி. படிக்க வைப்பதற்குத் தைரியம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஹெப்பாள் வாசகர்: அப்படியானால் உயிருக்கே ஆபத்து என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

ஒப்புக்கொள்கிறேன். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அந்த நாள்தான் இன்று உலக மனிதநேய தினம். 2015-இல் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எம்.எஸ்.எஃப். ஆஸ்பத்திரி மேல் அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர். 2024-இல் மட்டும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொன்னது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வந்தவர்கள் அல்ல, அந்தந்த ஊர்க்காரர்கள். 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் ஒரு பிரெஞ்சு நிவாரண அமைப்பின் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் இலங்கைக்காரர்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள். சுனாமியில் நொறுங்கிய ஊர்களுக்குத் தண்ணீரும் சுகாதாரமும் கொண்டுபோனவர்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நீங்கள் போனால், அங்கே உங்களுக்கு முன்பே வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவருக்கும் நர்ஸுக்கும் முதலில் எழுந்து நில்லுங்கள். உங்களைக் காப்பாற்ற ஹெலிகாப்டர் வரும். அவர்களுக்கு வராது.

கோத்தனூர் வாசகர்: முகாமில் தண்ணீர் வசதி எப்படி இருக்கும்?

ஸ்ஃபியர் என்று ஒரு கையேடு உண்டு, நிவாரணக்காரர்களின் அளவுகோல். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அதுவே கிடைக்காத முகாம்கள் ஏராளம். வீட்டு ஷவரைத் திறந்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் பங்கு தீர்ந்தது. குடிப்பதும் சமைப்பதும் துவைப்பதும் நாளைக்கு.

2024 கோடையில் டேங்கருக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

ராஜாஜிநகர் வாசகி: சுத்த சைவம். அங்கே என்ன சாப்பிடுவேன்?

சோளம், பயறு, வெண்டைக்காய், கீரை. கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். ராகி முத்தே சாப்பிடுகிறவர் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகிறார்.

மல்லேஸ்வரம் வாசகர்: பாங்கில் ரிடையர் ஆனவன். இந்த வயசில் என்னை எடுப்பார்களா?

ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவப் படிப்பில் சேர்ந்ததே முப்பது வயசில்தான். அதற்குமுன் இறையியல் விரிவுரையாளர், ஆர்கன் கலைஞர். 1913-இல், 38 வயசில், காபோன் நாட்டு லாம்பரீனேவுக்குப் போனார். 90 வயசில் அங்கேயே இறந்தார். கணக்கு தெரிந்த உங்களிடம் வயசைவிட சர்க்கரை அளவைத்தான் முதலில் கேட்பார்கள். நாளைக் காலை வெறும் வயிற்றில் லேபுக்குப் போங்கள்.

பனசங்கரி வாசகர்: சேவை என்ற பெயரில் மதம் மாற்ற மாட்டார்களா?

செஞ்சிலுவை இயக்கமும் பெரிய அமைப்புகளும் 1994-இல் வகுத்த நடத்தை நெறி இருக்கிறது. உதவியை மதத்துக்கோ அரசியலுக்கோ கருவியாக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. சேரப்போகும் அமைப்பு அதில் கையெழுத்திட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

பெல்லந்தூர் வாசகர்: நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள். சும்மா உட்கார்ந்திருக்கப் பைத்தியம் பிடிக்கிறது.

ஏன் சும்மா? வசந்த்நகரில் ஆலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. காங்கோ, சாடு, நைஜர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு எல்லாம் பிரெஞ்சு புழங்கும் இடங்கள். தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று ஒரே பஸ்ஸில் நாலு பாஷை பேசி வளர்ந்தவருக்கு ஐந்தாவது ஏன் வராது? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து திரும்பினால், அம்மா சமையலுக்கு முன் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் முகாம்.

ஒரே கம்பெனியில் ஐந்து வருஷம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டியையும் மறக்காதீர்கள். தியாகத்தில் அது சேராது.

சர்ஜாபூர் ரோடு வாசகர்: திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா? ‘ஏன் இந்த இடைவெளி’ என்று கேட்பார்களே?

கேட்கட்டும். நாற்பதாயிரம் பேர் இருக்கும் முகாமுக்கு மழைக்காலத்துக்கு முன் சாப்பாட்டுச் சரக்கு கொண்டு சேர்க்கும் வேலை செய்தேன் என்று சொல்லுங்கள். அதை இடைவெளி என்று நினைக்கும் கம்பெனியில் சேராதது உங்கள் அதிர்ஷ்டம்.

கே.ஆர். புரம் வாசகர்: முடிவு செய்துவிட்டேன். நாளைக்கே ராஜினாமா பேப்பர் போடட்டுமா?

நில்லுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை 1-இல் யு.எஸ்.எய்டின் கடை மூடப்பட்டது. உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன. பதினைந்து வருஷ அனுபவசாலிகள் இப்போது உங்களோடு ஒரே வரிசையில் விண்ணப்பம் போடுகிறார்கள். எம்.எஸ்.எஃப்.புக்குப் பெரும்பாலும் தனிநபர் நன்கொடை என்பதால் அங்கே கதவு முழுசாக மூடவில்லை, ஆனால் தட்டுகிற கைகள் பெருத்துவிட்டன.

விண்ணப்பத்தை இன்று ராத்திரி போடுங்கள். பேப்பரை ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள் காலையில்.